நாற்பது வளைவுகள், இரண்டு சைக்கிள்கள்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு சுமார் 65 கிலோமீட்டர். முதல் 24 கிலோமீட்டர் தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஓடும் சமதளச் சாலை. ஆழியாறு அணையைத் தாண்டியதும் மலை தொடங்கிவிடும். அங்கிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை நிற்கும். பஸ்ஸில் போகிற குழந்தைகள் அந்த எண்களைச் சத்தம் போட்டு எண்ணுவார்கள். பதினைந்து வந்ததும் பாதிப் பேருக்கு வயிற்றைப் புரட்டும். முப்பதில் தூங்கிவிடுவார்கள்.

சைக்கிளில் போனால் தூக்கமும் வராது, எண்ணிக்கையும் தவறாது. ஒவ்வொரு வளைவும் காலில் கணக்கு வைக்கும்.

பொங்கல் கூட்டம் ஓய்ந்த ஒரு தை மாத வெள்ளிக்கிழமை, பொள்ளாச்சியைச் சேர்ந்த இரண்டு நண்பர்கள் அந்தக் கணக்கைப் பார்க்கக் கிளம்பினார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். வால்பாறைத் தடத்தில் பல வருடங்கள் வண்டி ஓட்டியவர். இன்னொருவர் அவரைவிட பதினைந்து வயது இளையவர், கணக்கு ஆசிரியர். ஒரே தெருவில் வீடு. காலையில் சேர்ந்து சைக்கிள் மிதிக்கப் போய்ப் பழகியவர்கள். டிரைவருக்கு அவர் ‘வாத்தியார்’. வாத்தியாருக்கு அவர் ‘அண்ணா’.

“இத்தனை வருசம் ஓட்டுன ரோட்டுல புதுசா என்னண்ணா பார்க்கப் போறீங்க?” என்று வாத்தியார் கேட்டதற்கு டிரைவர் சொன்ன பதில்: “ஸ்டியரிங்கைப் புடிச்சிருக்கறவனுக்கு ரோடு மட்டும்தானுங்க தெரியும். கண்ணு அந்தப் பக்கம் போச்சுன்னா பின்னாடி அம்பது உசுரு. ஒரு தடவையாச்சும் மலையைப் பார்க்கோணும்.”

அடிவாரம்

விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் அங்கலக்குறிச்சி தாண்டும்போது கிழக்கு வெளுக்கும். வலது பக்கமும் இடது பக்கமும் தென்னை. தோப்புகளுக்குள் சொட்டுநீர்க் குழாய்கள், வாய்க்கால்கள். இந்தப் பசுமைக்குப் பின்னால் ஒரு பெரிய வேலை இருக்கிறது. மேற்கே கேரளத்துப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மலை ஆறுகளை அணைகளாலும் சுரங்கங்களாலும் ஒன்றோடொன்று இணைத்து, தண்ணீரைச் சமவெளிக்குத் திருப்பிய பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டம். இரு மாநிலங்களுக்கும் இடையிலான ஒப்பந்தம் 1970-ல் கையெழுத்தானது. மேலே வால்பாறைப் பக்கம் இருக்கும் சோலையாறு அணையும் கீழே இருக்கும் ஆழியாறு அணையும் அந்த ஒரே திட்டத்தின் உறுப்புகள்தான். மலையில் பெய்கிற மழைதான் கீழே இளநீராகிறது என்று சொன்னால் அது வெறும் அலங்காரப் பேச்சு இல்லை.

ஆழியாறு சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டினார்கள். சாலை ஆனைமலை புலிகள் காப்பகத்துக்குள் நுழைகிறது. பிளாஸ்டிக்குக்குத் தடை. வழியில் நின்று விலங்குகளுக்குத் தீனி போடக் கூடாது. எந்த வண்டி எந்த நேரத்தில் போகலாம் என்ற விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால், கிளம்புவதற்கு முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

குரங்கு அருவியைத் தாண்டி முதல் வளைவு. வாத்தியார் கைபேசியைக் கைப்பிடியில் மாட்டி, வேகத்தையும் உயரத்தையும் காட்டும் செயலியை ஓட விட்டார். டிரைவர் பலகையைப் பார்த்து, பழக்க தோஷத்தில் வாயால் ஒரு ஹாரன் அடித்துவிட்டுத் திரும்பினார்.

மெதுவாகப் போகிறவருக்குக் கிடைப்பது

மலையேற்றத்தில் சைக்கிளின் வேகம் மணிக்கு ஆறு, ஏழு கிலோமீட்டர்தான். வேகமாக நடக்கிறவர் கூடவே வரலாம். முன்பக்கம் சின்னப் பல்சக்கரம், பின்பக்கம் பெரிய பல்சக்கரம் என்று கியரை வைத்துக்கொண்டால், ஒரு மிதிக்குக் கொஞ்ச தூரம்தான் நகரும். ஆனால் முட்டி வலிக்காது. உட்கார்ந்தபடியே மிதிப்பது, மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகத்தில் போவது, வளைவின் உள்பக்கம் செங்குத்தாக இருக்கும் என்பதால் பின்னால் வண்டி வராதபோது கொஞ்சம் வெளிப்பக்கமாக ஏறுவது - இதெல்லாம் முதல் ஐந்து வளைவுகளிலேயே கைவந்துவிடும்.

அந்த வேகத்தில்தான் மலை தெரியும். கீழே வறண்ட முட்காடு. நான்கு வளைவு ஏறியதும் காற்றின் சூடு இறங்குகிறது. அணையின் நீர் ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் சின்னதாகிக்கொண்டே போகிறது. பாறையிடுக்கில் கசிகிற தண்ணீரின் சத்தம் பஸ் இன்ஜினுக்கு மேல் ஒருநாளும் கேட்டிருக்காது.

ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ. இந்த மலைச்சாலையை அமைத்த பொறியாளர் லோம் என்பவரின் பெயரைத் தாங்கிய காட்சிமுனை. அங்கே நின்றால் அணை, அதற்கு அப்பால் தென்னைக் கடல், அதற்கும் அப்பால் வெயில் படர்ந்த பொள்ளாச்சிச் சமவெளி. வரையாடுகள் அடிக்கடி வருகிற இடமும் இதுதான். தமிழ்நாட்டின் மாநில விலங்கு. அன்றைக்கு மூன்று நின்றன. சாலையோரத் தடுப்புச் சுவருக்கு மேலே, செங்குத்துப் பாறையில், கால் வைக்க இடமே இல்லாத இடத்தில் நிதானமாகப் புல் மேய்ந்துகொண்டிருந்தன.

“இந்த எடத்துல எத்தனை தடவை திரும்பியிருப்பேன்! ஒருநாளும் ஆட்டைப் பார்த்ததில்லைங்க. ஜனங்க பார்த்துச் சத்தம் போடுவாங்க. நான் கண்ணாடியில அவுங்க மூஞ்சியத்தான் பார்ப்பேன்” என்றார் டிரைவர்.

அதுவரை இருவரும் சேர்ந்தே வந்தார்கள். பத்தாவது வளைவுக்கு மேல் வாத்தியாரின் கால் அவரை முன்னால் இழுத்துக்கொண்டு போனது. செயலியில் எண் ஏறுவதைப் பார்ப்பதில் ஒரு ருசி உண்டு. “ஐந்து வளைவுக்கு ஒருதடவை நிற்கிறேன். நீங்க உங்க வேகத்துல வாங்க அண்ணா” என்று ஒப்பந்தம் ஆனது. அட்டகட்டியில் டிரைவர் வந்து சேர்ந்தபோது வாத்தியார் டீ குடித்து முடித்திருந்தார். இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை என்று டிரைவர் தட்டைத் தள்ளிவிட்டார்.

திரும்பி இறங்குவது

அட்டகட்டிக்கு மேலே தேயிலை தொடங்கும். முப்பதைத் தாண்டிய ஒரு வளைவில் வாத்தியார் காத்திருந்தார். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். கீழே பார்த்தால் இரண்டு திருப்பம் வரை சாலை தெரிகிறது, சைக்கிள் தெரியவில்லை. கைபேசியில் சிக்னல் இல்லை.

சைக்கிளில் மலையேறியவர்களுக்குத்தான் தெரியும், ஏறின மேட்டை விட்டு இறங்குவது எவ்வளவு கசப்பான காரியம் என்று. ஒவ்வொரு அடியும் வியர்வையால் வாங்கியது. இறங்கினால் அத்தனையையும் மறுபடி வாங்க வேண்டும். ‘வந்துவிடுவார், இன்னும் ஐந்து நிமிடம் பார்ப்போம்’ என்று மனசு சொல்லும். வாத்தியார் சைக்கிளைத் திருப்பினார்.

மூன்று வளைவு கீழே தடுப்புச் சுவரில் டிரைவர் உட்கார்ந்திருந்தார். குளிர்காற்றிலும் சட்டை நனைந்திருந்தது. கை நடுங்கியது. “என்னண்ணா ஆச்சு?” என்றதற்கு வந்த பதில் குழறலாக இருந்தது. வாத்தியாரின் பெயரை மறந்தவர்போல் பார்த்தார்.

டிரைவருக்குச் சர்க்கரை உண்டு. காலையில் வழக்கம்போல் மாத்திரை போட்டுக்கொண்டார். சாப்பாடோ வழக்கத்தில் பாதி. அதற்கு மேல் மணிக்கணக்கில் மிதித்தது. சர்க்கரை நோய்க்கான சில வகை மாத்திரைகளோடும் இன்சுலினோடும் கடும் உழைப்பு சேரும்போது ரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சில் குழப்பம் - இவை அதன் அடையாளங்கள். பார்க்கிறவர்களுக்கு வெறும் களைப்பாகத்தான் தோன்றும். களைப்பு என்று நினைத்து ‘கொஞ்சம் படுங்க’ என்று விட்டுவிடுவதுதான் ஆபத்து.

வாத்தியாரின் பையில் கடலை மிட்டாய் இருந்தது. அந்த நேரத்துக்கு அது போதாது. எண்ணெய்ப் பண்டம் மெதுவாகத்தான் வேலை செய்யும். கொழுந்து பறித்துவிட்டு வந்த பெண்கள் நான்கைந்து பேர் அப்போதுதான் சாலைக்கு ஏறினார்கள். நிலைமையைப் பார்த்ததும் அதில் மூத்தவர் தன் தூக்கைத் திறந்தார். பால் சேர்க்காத, சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ.

“இந்தாங்கய்யா, மொதல்ல இதைக் குடிங்க. எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் வரும்.”

முழு உணர்வோடு விழுங்கக்கூடியவருக்கு மூன்று தேக்கரண்டி சர்க்கரை, அல்லது அதற்குச் சமமான இனிப்புப் பானம். பதினைந்து நிமிடம் பொறுத்துப் பார்த்து, தெளியாவிட்டால் மறுபடியும் அதே அளவு. தெளிந்ததும் வயிற்றுக்குச் சாப்பாடு. நினைவு தப்பியவருக்கு மட்டும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான். அன்று முதல் டீயிலேயே முகம் தெளிந்தது. பதினைந்து நிமிடத்தில் பேச்சும் நேரானது. அந்தப் பெண்கள் கொடுத்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, “சரி, வாங்க போலாம். இன்னும் கொஞ்சம்தானே” என்று டிரைவர் சைக்கிளைப் பிடித்தார்.

வாத்தியார் விடவில்லை. வாதம் கொஞ்ச நேரம் நடந்தது.

“நாலு மணிக்கு மேல தங்காதீங்க. இருட்டுனா இந்தப் பக்கம் யானை வரும்” என்றார் டீ கொடுத்த அம்மா.

“அதுக்கு முன்னால ஒரு குட்டியானை வருமாம்மா?” என்று கேட்டார் டிரைவர். சின்னச் சரக்கு வண்டிக்கு ஊரெல்லாம் அந்தப் பெயர்தான். பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஆள் தேறிவிட்டார் என்று வாத்தியாருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு குட்டியானை நின்றது. டிரைவரின் சைக்கிளை ஏற்றினார்கள். “நீங்க மிதிச்சு வாங்க வாத்தியாரே, நாப்பதையும் முடிச்சிருங்க. இன்னும் கொஞ்சம்தான்” என்றார் டிரைவர். வாத்தியார் தன் சைக்கிளையும் தூக்கி உள்ளே வைத்தார். செயலியை நிறுத்தினார். அன்றைய கணக்கு முப்பத்துச் சொச்சத்தோடு நின்றது.

நடந்து ஏறியவர்கள்

காவர்கல்லில் சாலை உச்சிக்குப் போய், பிறகு அய்யர்பாடி, ரொட்டிக்கடை வழியாக வால்பாறைக்கு இறங்கும். சுமார் 3,500 அடி உயரத்தில் ஊர். காவர்கல்லில் கார்வர் மார்ஷுக்குச் சிலை இருக்கிறது. இந்த மலையில் தோட்டங்களை உண்டாக்கிய முன்னோடித் துரைகளில் ஒருவர்.

காட்டை வெட்டித் தேயிலை நட்ட கைகளுக்குச் சிலை இல்லை. தென் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் பேச்சை நம்பி, குடும்பத்தோடு இந்த மலையை நடந்தே ஏறியவர்கள் அவர்கள். மலேரியாவும் குளிரும் கடனும் அவர்களில் எத்தனையோ பேரைத் திரும்பி இறங்கவிடவில்லை. தோட்டங்களில் டாக்டராக வேலை பார்த்த பி.எச்.டேனியல், அந்த வாழ்க்கையை ஆங்கிலத்தில் ‘ரெட் டீ’ என்ற நாவலாக எழுதினார். 1969-ல் வெளியான அந்தப் புத்தகத்தை இரா.முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழுக்குக் கொண்டுவந்தார்.

குட்டியானையின் பின்பக்கத்தில் சைக்கிள்களைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த டிரைவர் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தார். தீபாவளிக்கு முந்தின நாள் வண்டி. லைன் வீடுகளிலிருந்து மூட்டையும் குழந்தையுமாக ஏறுகிற கூட்டம். கீழே போய் இன்னொரு பஸ் பிடித்து, விடிய விடியப் பயணம் செய்து சொந்த ஊர் போகிறவர்கள். “அவுங்க யாரும் வளைவை எண்ண மாட்டாங்க. ஊரு எப்ப வரும்னுதான் கேப்பாங்க” என்றார். இன்று அதே வீடுகளில் ஜார்க்கண்ட், அசாம் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களும் இருக்கின்றன. அவர்களின் சொந்த ஊர் இன்னும் தூரம்.

ஒரு நாள் ஓய்வு

சனிக்கிழமை முழுக்க வால்பாறையில் ஓய்வு. டிரைவர் தன் டாக்டரோடு போனில் பேசினார். மாத்திரை அளவு பற்றிக் கேட்டுக்கொண்டார். மருந்துக் கடையில் ஒரு குளுக்கோமீட்டர் வாங்கினார்கள்.

மாலையில் புதுத்தோட்டம் வரை மெதுவாகப் போனார்கள். சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்குபாலங்கள் கட்டியிருக்கிறார்கள். சிங்கவால் குரங்குகள் வண்டியில் அடிபடாமல் கடப்பதற்காக. உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் காட்டில் இல்லாத குரங்கு அது. பிடரி மயிர் சூழ்ந்த முகத்தோடு ஒரு தாய், குட்டியை வயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு பாலத்தைக் கடந்தது. பின்னால் வந்த இன்னொன்று பாதியில் நின்று திரும்பிப் பார்த்தது. கூட்டத்தின் கடைசி ஆள் வந்து சேர்ந்த பிறகே அது நகர்ந்தது.

யானைகளுக்காகவும் இங்கே ஓர் ஏற்பாடு உண்டு. தோட்டங்களின் நடுவே யானை நிற்கிற செய்தி, மக்களின் கைபேசிக்குக் குறுஞ்செய்தியாக வரும். முக்கிய இடங்களில் உயரமான கம்பத்தில் சிவப்பு விளக்கு மின்னும். வேலை முடிந்து வீட்டுக்கு நடக்கிறவர்கள் விளக்கைப் பார்த்து வழியை மாற்றிக்கொள்வார்கள். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆராய்ச்சியாளர்கள் தொடங்கிய முறை இது. யானையை விரட்டாமல், மனிதருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய எளிய யோசனை.

இறக்கம்

ஞாயிற்றுக்கிழமை காலை டிரைவர் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். சட்டைப் பையில் சர்க்கரைப் பொட்டலம். புதிய ஒப்பந்தம் ஒன்றும் போட்டார்கள்: இனி டிரைவர் முன்னால், வாத்தியார் பின்னால். மெதுவானவர் முன்னால் போனால் யாரும் தொலைய மாட்டார்கள். காவர்கல் மேடு வரை ஏற இரண்டு மணி நேரம் ஆனது. வாத்தியாரின் காலுக்கு அந்த வேகம் முதலில் அரிப்பாக இருந்தது. பிறகு ஒரு மரத்தில் இருவாச்சி ஒன்று பெரிய இறக்கையை அடித்துப் பறந்த சத்தத்தைக் கேட்டதும் அரிப்பு அடங்கியது.

உச்சியில் டிரைவர் பாடம் எடுத்தார். “பஸ்ஸை எந்த கியர்ல ஏத்துறமோ அதே கியர்லதான் இறக்கோணும். இன்ஜினே வண்டியப் புடிச்சுக்கும். இதுல இன்ஜின் இல்லீங்க. பிரேக்கை மட்டும்தான் நம்போணும். அதனால அதைக் கொதிக்க விடக் கூடாது.”

பிரேக்கை விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டே இறங்கினால் சக்கர விளிம்பு சூடேறும், டியூப் வெடிக்கலாம். அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்த வேண்டும். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் போன பிறகு அல்ல. முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் பயன்படுத்த வேண்டும். ஏறி வருகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். பத்து வளைவுக்கு ஒருமுறை நின்று, சக்கரத்தை ஆற விட வேண்டும்.

நாற்பது, முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு என்று எண்கள் இறங்கின. ஏறும்போது குட்டியானையில் கடந்த வளைவுகள் இப்போது வரிசையாக வந்தன. அந்தத் தடுப்புச் சுவரருகே இருவரும் நின்றார்கள். அன்றைக்கு விடுமுறை, தோட்டத்தில் யாரும் இல்லை. டீ கொடுத்த அம்மாவுக்கென்று வால்பாறையில் வாங்கிய ஸ்வீட் பாக்கெட்டைப் பக்கத்துப் பெட்டிக்கடையில் கொடுத்துவிட்டு, அடையாளம் சொல்லி ஒப்படைத்தார்கள். கடைக்காரருக்கு ஆள் தெரிந்திருந்தது.

ஒன்பதாவது வளைவில் வரையாடுகள் இல்லை, மூடுபனி மட்டும் இருந்தது. ஒன்றாவது வளைவைத் தாண்டி அடிவாரத்தில் நின்றபோது வெயில் சுட்டது. இருவரும் சேர்ந்தாற்போல் கடந்த வளைவுகள் இப்போது நாற்பது.

நீங்களும் கிளம்புவதானால்

டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை கனமழை, அட்டைகள், மண்சரிவு. சனி, ஞாயிறைவிட வார நாட்களில் வாகனங்கள் குறைவு. குறைந்த கியர் உள்ள சைக்கிள், புது பிரேக் கட்டைகள், மாற்று டியூப், பளிச்சென்ற சட்டை, பின்விளக்கு கட்டாயம். மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் குடியுங்கள். மாலை நான்குக்குள் ஊர் சேரும்படி கிளம்புங்கள். யானையோ காட்டெருமையோ சாலையில் நின்றால் தூரத்திலேயே நின்றுவிடுங்கள், மணி அடிக்காதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டு, மாத்திரை பற்றித் தெளிவாகத் தெரிந்துகொண்ட பிறகே கிளம்புங்கள். கூட வருகிறவரிடம் அதை முன்னாடியே சொல்லிவைப்பதும் முக்கியம்.

எல்லாவற்றையும்விட, யாரோடு போகிறீர்கள் என்பதை யோசியுங்கள். வேகமாக மிதிக்கிறவர் கிடைப்பது எளிது. மூன்று வளைவு திரும்பி இறங்கி வருகிறவராகப் பார்த்துக் கூட்டிப் போங்கள்.